ஆள் இருக்கும் இடத்துக்கு வயர் போகட்டும்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி. இரண்டாவது மாடியில் ஆபீஸ். அங்கே மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் ஒரு பெண், தினமும் மதியம் ஒன்றரை மணி ஆனதும் ஒரு கையில் லேப்டாப், மறு கையில் சாம்பிள் துணிகளோடு எழுந்து ரிசப்ஷனுக்குப் போவார். வெளியாட்கள் உட்காரும் சோபாவில் ஓரமாக உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஜெர்மனிக்காரரோடு பேசுவார். நமக்கு ஒன்றரை என்றால் அங்கே காலை ஒன்பதோ பத்தோ. பையர் வீடியோவில் வரும் நேரம். தன் சீட்டிலேயே இருந்து பேசினால் படம் அப்படியே நின்றுவிடும், குரல் விட்டு விட்டு வரும். எட்டு மாதமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். 22 வருஷமாகிறது. அந்தக் கம்பெனி மேனேஜர் என்னைக் கூப்பிட்டபோது சொன்னது இது: "ஏனுங்ணா, போன வருஷந்தானுங்க புதுசா ரெண்டு வைஃபை பாக்ஸ் வாங்கி மாட்டினோம். லைனும் 300 எம்.பி. எடுத்திருக்கறமுங்க. இன்னும் பெருசா லைன் எடுக்கோணுங்களா?"

லைனை மாற்ற வேண்டாம் என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. ரேக்கில் இருக்கும் ஸ்விட்சில் என் லேப்டாப்பை வயரில் சொருகிச் சோதித்தேன். 300 முழுசாக வந்தது. தண்ணீர் தொட்டி வரை வந்துவிட்டது, குழாயில்தான் அடைப்பு.

அந்தக் குழாய்தான் ஆக்சஸ் பாயின்ட். தொழிலில் நாங்கள் ஏபி என்போம். வீட்டில் நாம் வைத்திருக்கும் ரவுட்டர் ஒரே பெட்டிக்குள் மூன்று வேலை செய்கிறது: வெளியிலிருந்து வரும் இணைப்பை வாங்கும், பல வயர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும், ரேடியோ அலையாகவும் அனுப்பும். ஆபீசில் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறோம். ரவுட்டரும் ஸ்விட்சும் ரேக்குக்குள் பூட்டிக்கிடக்கும். ஆட்கள் உட்காரும் இடத்துக்கு மேலே வெள்ளைத் தட்டு மாதிரி ஒன்று கூரையில் ஒட்டியிருக்கிறதே, அது ஏபி. ஒரு பக்கம் வயர், மறு பக்கம் காற்று. வயர் பக்கம் எல்லாம் கணக்கு. காற்றுப் பக்கம் கட்டடத்தைப் பொறுத்தது.

ஏணி கொண்டுவரச் சொல்லி மேலே ஏறிப் பார்த்தேன். முதல் ஏபி ரிசப்ஷனில், ஃபால்ஸ் சீலிங்குக்கு உள்ளே, டைல் மீது குப்புறக் கிடந்தது. ஒரு சாண் தள்ளி ஏசி டக்ட், முழுக்கத் தகரம். மேலே ஒரு விரல்கடை தூசி. இரண்டாவது ஏபி ஹாலின் மறு கோடியில், சாம்பிள் அடுக்கும் இரும்பு ரேக்குக்குப் பின்னால் சுவரில் நின்றவாக்கில் இருந்தது. ஏன் அங்கே என்று கேட்டேன். "அங்கதானுங்க பழைய பிரின்டர் பாயின்ட் இருந்துச்சு" என்றார் மேனேஜர்.

நான் பார்க்கும் பத்து ஆபீசில் ஏழெட்டு இப்படித்தான். வயர் எங்கே ஏற்கெனவே இருக்கிறதோ அங்கே பெட்டி மாட்டப்படுகிறது. புது வயர் இழுப்பதுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி. அதைத் தவிர்த்துவிட்டால் அரை நாளில் முடித்துவிடலாம். ஆனால் அந்த அரை நாளை மிச்சம் பிடித்ததற்கு, 45 பேர் எட்டு மாதம் சிரமப்பட்டிருக்கிறார்கள்.

கூரையில் மாட்டும் ஏபியின் அலை எப்படிப் பரவும் என்பதற்கு என்னோடு வரும் தம்பிக்கு நான் சொல்லிக்கொடுப்பது உளுந்து வடை. வடையின் ஓட்டை இருக்கும் திசையில் அலை குறைவு. சுற்றிலும் சதைப்பற்றாக இருக்கும் பக்கங்களில் அதிகம். ஏபியைக் கூரையில் படுக்கையாக மாட்டினால் வடையும் படுத்திருக்கும். ஹால் முழுக்க அலை விரியும். அதே பெட்டியைச் சுவரில் நிறுத்தினால் வடையும் நிமிர்ந்துகொள்ளும். பாதி அலை மேல் மாடிக்கும் கீழ் மாடிக்கும் போகும். சுவரில் மாட்டுவதற்கென்றே செய்த ஏபிகள் உண்டு, அது வேறு. கூரைக்கு என்று செய்ததைச் சுவரில் மாட்டினால் வாங்கிய காசுக்குப் பாதிப் பலன்தான்.

அடுத்து, மாட்ட வேண்டிய இடத்தைத் தேடி நடப்பது. இதற்குப் பெரிய கருவி கட்டாயமில்லை. ஆண்ட்ராய்டு போனில் இலவசமாகக் கிடைக்கும் வைஃபை அளக்கும் ஆப் ஒன்று இருந்தால் ஆரம்ப வேலைக்குப் போதும். அது மைனஸில் ஒரு எண் காட்டும். மைனஸ் 40 என்றால் ஏபிக்குக் கீழேயே நிற்கிறோம். வீடியோ கால் தடங்கலில்லாமல் ஓட மைனஸ் 67க்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும் என்பது தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் அளவு. இந்த எண்ணில் 3 குறைந்தால் வந்து சேரும் சக்தி பாதி. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. அதனால் 67க்கும் 77க்கும் வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தாலும் சின்னதில்லை.

சோபாவில் மைனஸ் 58. சாம்பிள் ரேக்கைத் தாண்டி அந்தப் பெண்ணின் சீட்டில் மைனஸ் 79. அவர் எழுந்து போனதில் தப்பே இல்லை.

எது தடுக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். துணி மூட்டைகள் பெரிய தடை இல்லை. காய்ந்த துணிக்குள் அலை போய்விடும். அதைத் தாங்கி நிற்கும் இரும்பு ரேக்தான் தடை. பீரோக்கள், ட்ரையல் ரூமில் ஆளுயரக் கண்ணாடி (அதன் முதுகில் பூசியிருப்பது உலோகம்), கான்கிரீட் தூண். பேன்ட்ரி பக்கத்தில் 20 லிட்டர் வாட்டர் கேன்களை மூன்றடுக்காக அடுக்கியிருந்தார்கள். தண்ணீர் இந்த அலையை நன்றாகக் குடிக்கும். மனித உடம்பிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலி ஆபீசில் அளந்து இடம் முடிவு செய்யக் கூடாது என்று சொல்கிறேன். எல்லாரும் சீட்டில் இருக்கும் வேலை நாளில் அளக்க வேண்டும். சீட்டில் இருப்பவரிடம் கேட்கவும் வேண்டும். "இந்த மூலையிலதாண்ணா கட் ஆகும்" என்று அக்கவுண்ட்ஸில் இருக்கும் அக்கா விரலால் காட்டிய இடமும் என் போன் காட்டிய இடமும் ஒன்றாகவே இருந்தன.

உலோகம் அலையைத் தடுப்பதோடு திருப்பியும் அனுப்பும். ஒரே தகவல் நேராக ஒருமுறை, ரேக்கில் பட்டு ஒருமுறை, தூணில் பட்டு ஒருமுறை என்று சற்றே முன்பின்னாக வந்து ஒன்றோடொன்று குழம்பும். அறைக்குள் வேகமான வைஃபை சாத்தியமானதற்கு இந்தக் குழப்பத்தைப் பிரித்தெடுக்கும் வழி தெரிந்ததும் ஒரு காரணம். ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜான் ஓ'சல்லிவன் என்பவரும் அவர் குழுவினரும் 1990களில் அதைச் செய்தார்கள். 1996இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஓ'சல்லிவன் ரேடியோ வானியல்காரர். வெடிக்கும் கருந்துளைகளிலிருந்து வரக்கூடிய மங்கலான சிக்னலைத் தேடும்போது கற்ற கணக்குதான் அறைக்குள் எதிரொலிக்கும் அலைக்கும் உதவியது. ஏணியில் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்வேன். வானத்தைப் பார்த்து ஒருவர் செய்த வேலை இந்த ஹாலில் நடந்துகொண்டிருக்கிறது.

அளந்து முடித்ததும் ஆபீஸ் வரைபடத்தில் மூன்று புள்ளி வைத்தேன். 90 அடி நீளம், 40 அடி அகல ஹால். மூன்று ஏபி, மூன்றும் ஆட்கள் தலைக்கு மேலே கூரையில். நடுப் புள்ளி மெர்ச்சண்டைசிங் வரிசைக்கு மேலே. அங்கே எந்த வயரும் இல்லை. ரேக்கிலிருந்து சுற்றி வந்தால் 60 மீட்டர்.

60 மீட்டர் பரவாயில்லை. வயருக்கு எல்லை 100 மீட்டர். அதில் 90 நிரந்தரமாகப் பதிக்கும் வயருக்கு, மீதி 10 இரண்டு பக்கமும் சொருகும் குட்டி வயர்களுக்கு. ஆனால் எந்த வயர் என்பது முக்கியம். அந்த ஆபீசில் இன்னொரு புகாரும் இருந்தது: இரண்டாவது ஏபி காலையில் ஒழுங்காக ஓடும், பதினொரு மணிக்கு மேல் தானாக அணைந்து அணைந்து எழும். ஸ்விட்சில் பதிவாகியிருந்த நேரங்களைப் பார்த்தேன். கூட்டம் சேரச் சேர ரீஸ்டார்ட்.

பழைய வயரின் நுனியை வெட்டி, ஒரு கம்பியை எடுத்து பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம். இரண்டாவது சுரண்டலில் வெள்ளி நிறம் வந்துவிட்டது. உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. கடையில் சி.சி.ஏ. என்று சொல்லி விற்பார்கள், சில இடங்களில் சொல்லாமலும் விற்பார்கள். 305 மீட்டர் பெட்டியைத் தூக்கினாலே தெரியும், கை ஏமாறாது. சுத்தச் செம்பு கனக்கும்.

இதில் என்ன கெடுதல்? ஏபிக்குத் தனியாகப் பிளக் பாயின்ட் கிடையாது. டேட்டா போகும் அதே வயரில்தான் சுமார் 48 வோல்ட் கரண்டும் போகிறது. பி.ஓ.இ. என்பது இதுதான். 2003இல் வந்த முதல் முறையில் ஸ்விட்ச் 15.4 வாட் கொடுக்கும். வழியில் இழப்பு போக ஏபிக்கு 12.95 வாட் உறுதி. 2009இல் வந்த அடுத்த முறையில் 30 வாட் கொடுத்தால் 25.5 வாட் போய்ச் சேரும். இந்தக் கணக்கெல்லாம் செம்பு வயருக்குப் போட்டது. அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். வழியிலேயே வயர் சூடாகி சக்தியைத் தின்றுவிடும். ஆள் குறைவாக இருக்கும்போது ஏபி கொஞ்சமாகச் சாப்பிடும், பிழைத்துக்கொள்ளும். 45 பேர் லேப்டாப்பும் போனுமாக ஏறும்போது அதற்குக் கூடுதல் கரண்ட் வேண்டும், கிடைக்காது, விழுந்துவிடும். ஸ்விட்சும் பழைய 15.4 வாட் ரகம். ஏபியின் அட்டைப் பெட்டியில் 30 வாட் ரகம் வேண்டும் என்று அச்சடித்தே இருந்தது. வாங்கும்போதே அந்த வரியைப் படித்திருக்க வேண்டும்.

பி.ஓ.இ.யில் நம் ஊருக்கு இன்னொரு நன்மை இருக்கிறது. ரேக்கில் ஒரு யு.பி.எஸ். வைத்தால் ஆபீசில் உள்ள எல்லா ஏபிக்கும் அதிலிருந்தே உயிர் போகும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளிலும், யு.பி.எஸ். தாங்கும் வரை, லேப்டாப்பில் சார்ஜ் உள்ளவர் வேலையை விட வேண்டாம்.

மாட்டும் வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டோம். ஹாலில் பாதிக்கு ஃபால்ஸ் சீலிங், மீதி வெறும் கான்கிரீட் கூரை. நடுப் புள்ளி கான்கிரீட்டில் வந்தது. ஏபியோடு வரும் தாங்கு தகட்டைக் கூரையில் பிடித்து, பென்சிலால் நான்கு புள்ளி. துளை போடுமுன் ஒரு விஷயம் பார்க்க வேண்டும்: பக்கத்து லைட் பாயின்ட்டிலிருந்தும் ஃபேன் ஹூக்கிலிருந்தும் சுவர் பக்கம் நேர்கோடு இழுத்தால் நம் புள்ளி அதில் விழுகிறதா? கான்கிரீட்டுக்குள் கரண்ட் பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும். விழுந்தால் ஒரு அடி நகர்த்திவிடுவேன். ஃபேன் இறக்கைக்கு நேர் மேலேயும் மாட்டுவதில்லை. தகர இறக்கை அலையை வெட்டி வெட்டி அனுப்பும்.

தம்பி ஒரு பேப்பர் டீ கப்பின் அடியில் ஓட்டை போட்டு அதை 6 எம்.எம். டிரில் பிட்டில் கோத்துக்கொண்டான். துளையிடும்போது கொட்டும் சிமென்ட் தூள் முழுக்கக் கப்பில் விழும். கீழே மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் சாம்பிள் துணிக்கும் ஒரு துளி போகாது. துளைக்குள் பிளக்கைத் தட்டி ஏற்றி, தகட்டை ஸ்க்ரூவில் முடுக்கி, கையால் தொங்கிப் பார்க்காத குறையாக இழுத்துப் பார்த்தோம். ஃபால்ஸ் சீலிங் பக்கம் துளை தேவையில்லை. டைல்களைத் தாங்கும் டி வடிவப் பட்டையில் கவ்வும் கிளிப் ஏபியோடு வரும். பெட்டி டைலுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். "அழகா இருக்காதே" என்று சில முதலாளிகள் உள்ளே மறைக்கச் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. உள்ளே தகரமும் தூசியும் வெப்பமும். பெட்டியின் ஆயுளும் போகும், அலையும் போகும்.

வயர் இழுக்கும்போது டியூப்லைட், ஏசி வயர்களோடு சேர்த்துக் கட்டவில்லை. ஒரு அடியாவது தள்ளி, குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர் குறுக்காக. ஏபி பக்கம் இரண்டு மீட்டர் கூடுதலாகச் சுருட்டி விட்டோம். நாளைக்கு டேபிள்களை மாற்றிப் போட்டால் ஏபியை நகர்த்த அது உதவும்.

அப்புறம் கனெக்டர். இதை நான் தம்பியிடம் விட்டாலும் பக்கத்திலேயே நிற்பேன். மேல் உறையை ஒரு அங்குலம் உரித்தால் உள்ளே நான்கு ஜோடிக் கம்பி, ஒவ்வொரு ஜோடியும் முறுக்கியபடி. ஒரு கம்பியின் டேட்டா பக்கத்துக் கம்பிக்குள் கசியாமல் காப்பது அந்த முறுக்குதான்; கனெக்டருக்குள் போகும் அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். வரிசையாக விரலால் நீவி, நேராக வெட்டி, கனெக்டருக்குள் தள்ளி, எட்டு நுனியும் முன்சுவரைத் தொட்டுவிட்டதா என்று வெளிச்சத்தில் பார்த்து, பிறகு கிரிம்பிங். டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக ஓடினால்தான் ஏணியை மடக்குவோம்.

மாட்டிய பிறகும் வேலை முடியவில்லை. புது ஏபி எல்லாம் பெரும்பாலும் முழுச் சத்தத்தில் கத்தும்படியே வரும். கத்தட்டுமே, நல்லதுதானே என்று தோன்றும். நல்லதில்லை. ஏபியின் குரல் 90 அடி தாண்டிக் கேட்கும். போனின் குரல் அவ்வளவு தூரம் திரும்பிப் போகாது. போன் முழுக் கட்டம் காட்டும், ஆனால் மெசேஜ் சுற்றிக்கொண்டே இருக்கும். தவிர, எந்த ஏபியோடு ஒட்டுவது என்று முடிவு செய்வது போன்தான். ரிசப்ஷன் ஏபியின் சத்தம் ஹால் கோடி வரை கேட்டால், அந்தப் போன் தலைக்கு மேலேயே இன்னொரு ஏபி இருந்தும் பழையதையே பிடித்துத் தொங்கும். சக்தியைக் குறைத்து, ஒவ்வொன்றும் தன் பகுதியைப் பார்த்துக்கொள்ளும்படி வைத்தேன்.

சேனலும் அப்படியே. 2005இல் நம் அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த சக்தியில் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என்று விட்டது. அதனால்தான் உரிமம் இல்லாமலே என்னைப் போன்றவர்களால் வைஃபை மாட்டிக் கொடுக்க முடிகிறது. ஆனால் அந்த வரிசை மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ். அதில் ஒன்றோடொன்று மோதாமல் மூன்று சேனல்தான் வைக்க முடியும்: 1, 6, 11. அடுத்தடுத்த ஏபிக்கு ஒரே சேனல் கொடுத்தால், ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் இதே வரிசைதான். அதனால் லேப்டாப்களை 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் தள்ளிவிட்டேன். 36, 44, 149 என்று மூன்று ஏபிக்கும் தனித்தனிச் சேனல். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுவரைத் துளைக்கும் தெம்பு குறைவு, ஆனால் இப்போது ஏபி தலைக்கு மேலேயே இருக்கிறதே. வரும் விருந்தாளிகளுக்குத் தனி நெட்வொர்க், அதிலிருந்து அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டர் தெரியாது. ஏபிக்குள் நுழையும் பாஸ்வேர்டு கம்பெனி கொடுத்ததாகவே இருந்தது, அதையும் மாற்றினேன்.

திங்கட்கிழமை ஆட்கள் வந்த பிறகு மறுபடி நடந்தேன். மெர்ச்சண்டைசிங் வரிசையில் மைனஸ் 52. சாம்பிள் ரேக்குக்குப் பின்னால் மைனஸ் 63. மதியம் ஒன்றரைக்கு அந்தப் பெண் சீட்டிலேயே இருந்தார். மேஜையில் சாம்பிளை விரித்துவைத்து, அளவு நாடாவைக் கேமராவுக்குக் காட்டி, இருபத்தைந்து நிமிஷம் பேசினார். நான் ரேக் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருமுறைகூட "ஹலோ, ஹலோ" சொல்லவில்லை.

கிளம்புமுன் ரேக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டினேன். எந்த ஏபி எங்கே, ஸ்விட்சில் எந்தப் போர்ட், வயர் எந்த வழியாகப் போகிறது, எத்தனை மீட்டர், என்ன சேனல், எந்தத் தேதி. வயரின் இரு முனையிலும் அதே எண். உங்கள் ஆபீஸ் ரேக் கதவையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அப்படி ஒரு தாள் இல்லையென்றால், மாட்டியவரைக் கூப்பிட்டு, அவருக்கு ஞாபகம் இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.